ஒரே பொத்தான், நூறு பாட்டு: மலிவான கருவிகளும் எலக்ட்ரானிக் இசையின் தனித்தன்மையும்

கேசியோ கீபோர்டு இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பொத்தான் வரிசை நினைவிருக்கும். ராக், வால்ட்ஸ், சம்பா, ஸ்விங் என்று சின்ன எழுத்தில் பெயர் போட்டிருக்கும். ஒன்றை அழுத்தினால் தாளம் தானாக ஓடும். அதன் மேல் வலது கையால் தெரிந்த சினிமாப் பாட்டை வாசிப்போம். அது நம் இசையா, கம்பெனிக்காரர் போட்டு வைத்த இசையா என்று யாரும் கேட்டதில்லை.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில் இரண்டு இளைஞர்கள் அப்படி ஒரு பொத்தானைத்தான் அழுத்தினார்கள். நோயல் டேவி என்பவரிடம் கேசியோ எம்டி-40 என்ற சின்ன கீபோர்டு இருந்தது. அதில் 'ராக்' என்ற பொத்தானுக்குள் டிரம்ஸும் பாஸும் (அடியில் ஓடும் கீழ் ஸ்தாயி ஒலி) சேர்ந்த ஒரு சிறு துண்டு. டேவியும் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் அதை இசைத் தயாரிப்பாளர் கிங் ஜாமியின் ஸ்டுடியோவுக்குக் கொண்டு போனார்கள். ஜாமி அதன் வேகத்தைக் குறைத்தார், கொஞ்சம் பியானோவும் கைதட்டல் ஒலியும் சேர்த்தார். 1985-இல் அது 'அண்டர் மி ஸ்லெங் டெங்' என்ற பாட்டாக வெளிவந்தது. அதுவரை ஜமைக்காவில் புதிதாக ஒரு பின்னணி பதிவு செய்யப் பெரும்பாலும் டிரம்ஸ்காரர், பாஸ் கிட்டார்காரர் எல்லாரும் வேண்டும். இப்போது ஒரு கீபோர்டு போதும் என்றாகிவிட்டது. அந்த ஒரே துண்டின் மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் பிறந்தன. ஒரு பின்னணித் தாளத்தை எடுத்து அதன் மேல் ஆளாளுக்குத் தங்கள் பாட்டைப் பாடுவது அங்கே பழைய வழக்கம். அந்தப் பின்னணியை 'ரிதிம்' என்பார்கள்.

பொத்தானுக்குள் அந்தத் துண்டை வைத்தவர் ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண். 1980-இல் கேசியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். எம்டி-40 அவருடைய முதல் வேலைகளில் ஒன்று. அதற்கு முன் இசைக் கல்லூரியில் படித்தபோது அவர் ஆய்வேடு எழுதியது ஜமைக்காவின் ரெகே இசையைப் பற்றி. எழுதிக் கொடுத்ததோ 'ராக்' பொத்தானுக்கு. கடல் கடந்து போனதும் ஜமைக்காக்காரர்களின் காது அதற்குள் தங்கள் இசையைக் கேட்டுவிட்டது.

சரி, இதில் தனித்தன்மை யாருடையது? துண்டை எழுதிய ஒகுடாவுடையதா, வேகத்தைக் குறைத்த ஜாமியுடையதா, பொத்தானைக் கண்டுபிடித்த அந்த இரண்டு பையன்களுடையதா? எலக்ட்ரானிக் இசையில் புதிதாக நுழைபவருக்கு இதைவிட நல்ல ஆரம்பக் கேள்வி எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் இன்று ஒரு லேப்டாப்பைத் திறந்தாலே அப்படிப்பட்ட பொத்தான்கள் லட்சக்கணக்கில் கொட்டிக் கிடக்கின்றன. "எல்லாரிடமும் ஒரே கருவி இருந்தால் எல்லாருடைய பாட்டும் ஒன்றுபோலத்தானே ஆகும்?" என்ற கவலையும் கூடவே வருகிறது.

முதலில் ஐந்து சொற்கள்

இந்தப் பேச்சில் அடிக்கடி வரும் சொற்களை முடித்துவிடுவோம். மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கருவி சிந்தசைசர். அதற்குள் தயாரித்தவர்களே முன்கூட்டி அமைத்துத் தரும் ஒலி ப்ரீசெட். ஏற்கெனவே பதிவான ஒலியிலிருந்து வெட்டி எடுத்த துண்டு சாம்பிள். திரும்பத் திரும்ப ஓடும்படி வெட்டியிருந்தால் அது லூப். இவை எல்லாவற்றையும் ஒரே திரையில் அடுக்கி, கலந்து, பாட்டாக்கித் தரும் மென்பொருளுக்கு டி.ஏ.டபிள்யூ. என்று பெயர். எஃப்.எல். ஸ்டுடியோ, ஏபில்டன் லைவ், கராஜ்பேண்ட் எல்லாம் இந்த வகை.

விலை எப்படி இறங்கியது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். 1979-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து ஃபேர்லைட் என்ற கணினிக் கருவி வந்தது. எந்த ஒலியையும் உள்ளே வாங்கி, கீபோர்டில் ஸ்வரமாக வாசிக்கலாம். அதன் விலை பல ஆயிரம் பவுண்டுகள். பீட்டர் கேப்ரியல், கேட் புஷ் போன்ற பெரிய பாடகர்களால்தான் தொட முடிந்தது. இன்று அதே வேலையை நம் கைபேசியில் ஒரு இலவசச் செயலி செய்கிறது, அதைவிடத் தெளிவாகவே செய்கிறது.

ஒன்றுபோல ஒலிப்பது மலிவால் வந்த நோயா?

இல்லை என்பதுதான் என் எண்ணம். அந்த ஃபேர்லைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதனுடன் ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா 'டான்' என்று ஒரே அடி அடிக்கும் சாம்பிள் ஒன்று வந்தது. ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' இசையிலிருந்து எடுத்தது. 1980களின் பாப் பாட்டுகளில் அந்த அடி வந்துகொண்டே இருக்கும். வீட்டு விலைக்கு வாங்கிய கருவியிலும் மனிதர்கள் கூடவே வந்த ஒலியைத்தான் எடுத்தார்கள்.

அப்புறம் யமஹா டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசர். 1983-இல் வந்தது, அமெரிக்காவில் இரண்டாயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த எஃப்.எம். முறையில் ஒலி எழுப்பும். ஒரு அலையை இன்னொரு அலையால் வேகமாக நடுங்க வைத்தால் மணி, பித்தளை, கண்ணாடி போன்ற ஒலிகள் பிறக்கும் என்பது அந்த முறையின் சாரம். ஆனால் அதில் புது ஒலி அமைப்பது மிகக் கஷ்டம். சுழற்ற குமிழ்கள் கிடையாது. சின்னத் திரையில் ஒவ்வொரு எண்ணாக மாற்ற வேண்டும். அதனால் பெரும்பாலானவர்கள் உள்ளே இருந்த எலக்ட்ரிக் பியானோ ப்ரீசெட்டை அப்படியே வாசித்தார்கள். அந்தக் காலத்துக் காதல் பாட்டுகள் பலவற்றில் அந்தக் கண்ணாடி மணிப் பியானோ ஒலிப்பது இதனால்தான். பழுதுபார்க்க வரும் டிஎக்ஸ்7களில் பத்துக்கு ஒன்பதில் கம்பெனி ஒலிகள் கலையாமல் அப்படியே இருந்தன என்று ஒரு பேச்சு உண்டு.

ஆக, ஒன்றுபோல ஒலிப்பதற்கு விலை காரணமல்ல. எது கைக்கு முதலில் எட்டுகிறதோ, எதை மாற்றுவது கஷ்டமோ, அதுதான் காரணம்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். கராஜ்பேண்ட் 2004-இல் வந்தது, ஆப்பிள் கணினி வாங்கிய எல்லாருக்கும் கிடைத்தது. அதற்குள் 'வின்டேஜ் ஃபங்க் கிட் 03' என்ற டிரம் லூப் இருக்கிறது. 2007-இல் ரியானா பாடி உலகம் முழுக்க ஓடிய 'அம்பரெல்லா' பாட்டின் தாளம் அதுதான். அந்த லூப் லட்சக்கணக்கானவர்களிடம் மூன்று வருடமாக இருந்தது. பாட்டாக்கியது ஒரு குழு. அதே லூப்பை இன்று இழுத்துப் போட்டுக் கேட்டால் 'அட, இதுவா!' என்று இருக்கும். செய்து பாருங்கள், ஒலிக்கும் பாட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அந்த ஒரு நிமிடத்தில் புரியும்.

விற்காத ஒரு கருவியின் கதை

மலிவு புதுமைக்கு எப்படி உதவுகிறது என்பதற்கு டிபி-303 என்ற சின்ன பாஸ் சிந்தசைசரின் கதையைச் சொல்லாமல் முடியாது. 1980களின் தொடக்கத்தில் ரோலண்ட் கம்பெனி இதை வெளியிட்டது. வடிவமைத்தவர் கிகுமோட்டோ டடாவோ. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரருக்குத் துணையாக பாஸ் வாசிக்க வேண்டும் என்பதே நோக்கம். ஒலி பாஸ் கிட்டார் போலவே இல்லை. ஸ்வரங்களைப் பதிவு செய்யும் முறையும் குழப்பம். வாங்கியவர்கள் வெறுத்துப்போனார்கள். 1984-இல் தயாரிப்பு நின்றது. சுமார் பத்தாயிரம் கருவிகள், பல பழைய சாமான் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

அங்கேதான் சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் அதைப் பார்த்தார்கள். டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே ஆகிய மூவரும் ஃபியூச்சர் என்ற குழு. பாஸ் கிட்டார் போல ஒலிக்க வைக்கும் பொறுமையோ தேவையோ அவர்களுக்கு இல்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருப்பினார்கள்.

என்ன நடந்தது என்று கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். டிபி-303-க்குள் ஃபில்ட்டர் என்ற ஒரு வடிகட்டி இருக்கிறது. ஒரு எல்லைக்கு மேலுள்ள கூர்மையான ஒலிகளை அது வடித்துவிடும். எந்த இடத்தில் வெட்டுவது என்பதை ஒரு குமிழ் தீர்மானிக்கும். ரெசனன்ஸ் என்ற இன்னொரு குமிழைக் கூட்டினால் அந்த வெட்டும் இடத்திலேயே ஒலி தூக்கிக்கொண்டு கீச்சிடும். கிட்டார்காரர் இதை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும் என்பது ரோலண்டின் கணக்கு. ஃபியூச்சர் குழு இந்தக் குமிழ்களையே வாத்தியமாக்கினார்கள். ஸ்வர வரிசை மாறாது, அதே நான்கைந்து ஸ்வரம் சுற்றிச் சுற்றி வரும்; ஒலியின் நிறம் மட்டும் முனகி, நெளிந்து, கூவி, மறுபடி அடங்கும். பன்னிரண்டு நிமிடத்துக்கு அப்படி ஒரு பதிவு. 'ஆசிட் ட்ராக்ஸ்' என்ற பெயரில் 1987-இல் இசைத்தட்டாக வந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகை அதிலிருந்து கிளம்பியது.

இந்தக் கதையில் பலர் விட்டுவிடும் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இசைத்தட்டாக வருவதற்கு முன் அந்தப் பதிவு சிகாகோவின் மியூசிக் பாக்ஸ் கிளப்பில் ரான் ஹார்டி என்ற டிஜேயிடம் போனது. முதல் தடவை போட்டபோது ஆடிக்கொண்டிருந்தவர்கள் தளத்தை விட்டு நகர்ந்துவிட்டார்கள். ஹார்டி விடவில்லை. அதே இரவில் மறுபடி போட்டார், மறுபடியும் போட்டார். நான்காவது தடவை கூட்டம் கொண்டாடியது. கருவி மலிவாகக் கிடைத்தது ஒரு பாதி. 'இது என்னவோ இருக்கிறது' என்று நம்பி நான்கு தடவை போட்ட ஒருவரும், நான்காவது தடவை வரை அங்கேயே நின்ற கூட்டமும் மறுபாதி.

இதற்கு ஒரு எதிர்க்கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. பம்பாயில் இந்திப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் என்ற கலைஞர் 1982-இல் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். ஜூபிடர்-8 சிந்தசைசர், டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 ஆகிய மூன்றும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். டிபி-303-இல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் ஸ்லைட் வசதி உண்டு. ராகத்துக்கு அது வாகாக அமைந்துவிட்டது. இன்று கேட்டால், சிகாகோவுக்கு ஐந்து வருடம் முன்பே பிறந்த ஆசிட் ஹவுஸ் போலவே இருக்கும். ஆனால் அன்று அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் ஐரோப்பாவில் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கருவி அதே கருவி. கற்பனையிலும் குறை சொல்ல முடியாது. நான்கு தடவை போட ஒரு ரான் ஹார்டி இல்லை, நின்று கேட்க ஒரு தளம் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

மென்பொருள் காலத்துக்கு வருவோம்

1990களின் இறுதியில் பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் கம்பெனியிலிருந்து ஃப்ரூட்டி லூப்ஸ் வந்தது. எழுதியவர் டிடியர் டாம்ப்ராங். இதுதான் பின்னால் எஃப்.எல். ஸ்டுடியோ ஆனது. ஒரு தடவை வாங்கினால் ஆயுள் முழுக்கப் புதுப்பதிப்பு இலவசம். காசு கொடுக்காமல் திருட்டுப் பதிப்பை வைத்துக்கொண்டு பழகியவர்களும் உலகம் முழுக்க ஏராளம். அதை மறைத்து இந்த வரலாற்றை எழுத முடியாது.

கிழக்கு லண்டனில் 2000-த்தை ஒட்டிப் பிறந்த கிரைம் (grime) என்ற ராப் இசைவகையில் இந்த மென்பொருளுக்குப் பெரிய பங்கு. சிலர் ப்ளேஸ்டேஷனில் ஓடும் மியூசிக் 2000 என்ற மென்பொருளில்கூடத் தாளம் அமைத்தார்கள். பழைய ஃப்ரூட்டி லூப்ஸைத் திறந்தால் வேகம் நிமிடத்துக்கு 140 அடி என்று தயாராக நிற்கும். கிரைமும் 140-இல்தான் ஓடுகிறது. மென்பொருள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன் லண்டனில் ஓடிய கராஜ் என்ற நடன இசையும் அந்த வேகத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் திறந்தவுடன் கண்ணில் படும் ஒரு எண் நம் கையைப் பிடித்து இழுக்கும் என்பது உண்மை.

தென்னாப்பிரிக்காவின் அமாபியானோ என்ற நடன இசை இன்னும் அழகான உதாரணம். அதன் உயிர் 'லாக் டிரம்' என்று சொல்லப்படும் அடிவயிற்றை உலுக்கும் பாஸ். எஃப்.எல். ஸ்டுடியோவுடன் வரும் டிஎக்ஸ்10 என்ற எஃப்.எம். சிந்தசைசரில் இருக்கும் ஒலி அது. மரக்கட்டையைத் தட்டுவது போல ஒலிக்கவேண்டிய ஒன்றைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கி, அதை பாஸாகவும் தாளமாகவும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினார்கள். டிஎக்ஸ்7-இல் எல்லாரையும் ஒன்றுபோல ஆக்கிய அதே எஃப்.எம். முறை, வேறு ஊரில், வேறு கையில், ஒரு நாட்டின் இசை அடையாளமாக மாறியது.

இதிலிருந்து என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மலிவான கருவி ஒலியை எல்லாருக்கும் பொதுவாக்கிவிடுகிறது. அது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அதன் பெரிய விளைவு வேறு. கருவியைச் செய்தவர் மனதில் இல்லாத மனிதர்கள் அதைத் தொடுகிறார்கள். அவர்களுக்கு வேறு தாளம் பழக்கம், வேறு தெரு, வேறு ஆட்டம். அந்த இடைவெளியில்தான் புது இசை பிறந்திருக்கிறது.

பதினாறு கட்டமும் பன்னிரண்டு ஸ்வரமும்

இன்றைய சிக்கலையும் பார்க்க வேண்டும். அன்று கருவி மலிவானதற்குக் காரணம் அதன் குறை: விற்கவில்லை, ஒலி சரியில்லை, நினைவகம் கம்மி. அந்தக் குறையோடு மல்லுக்கட்டியே மக்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இன்று மென்பொருள் மலிவாக இருப்பது நகல் எடுக்கச் செலவில்லை என்பதால். அதில் குறையே தெரியாது. எந்த ப்ரீசெட்டைத் தொட்டாலும் முடித்த பாட்டுபோல மினுமினுப்பாக ஒலிக்கும். எதையும் மாற்றத் தோன்றாது. ஆயிரம் டிரம் ஒலிகளைக் கேட்டுக்கொண்டே இரவு போய்விடும், பாட்டு நகராது. புதிதாகத் தொடங்கும் பலரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ப்ரீசெட்டும் இருக்கிறது: திரையின் அமைப்பு. டி.ஏ.டபிள்யூ.வைத் திறந்தால் தாளத்துக்குப் பதினாறு கட்டம். நான்கு அடி, அடிக்கு நான்கு பகுதி. நம் கணக்கில் சதுஸ்ர நடை. குத்துப் பாட்டின் அடி பெரும்பாலும் மூன்று மூன்றாகத் துள்ளும், அது பதினாறு கட்டத்தில் உட்காராது. உட்கார வைத்தால் துள்ளல் போய் நொண்டும். கட்டத்தைப் பன்னிரண்டாக மாற்றினால் உடனே சரியாகிவிடும். மாற்ற ஒரு நொடிதான் ஆகும். மாற்றலாம் என்று தெரிவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகிறது.

ஸ்வரத்திலும் இதே கதை. திரையில் பியானோக் கட்டைகள்தான் இருக்கும், ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. கமகம் அங்கே கிடையாது. தோடியில் காந்தாரம் அசையும் அசைவை ஒரு கட்டையால் காட்ட முடியாது. பிட்ச் பெண்டு என்ற வசதியை வைத்துக் கோடு கோடாக வரைய வேண்டும். ஈராக்கியப் பின்னணி கொண்ட இசைக்கலைஞர் க்யாம் அல்லாமி இதே குறையை அரபு இசையின் பக்கத்திலிருந்து உணர்ந்தார். வேறு ஸ்வர அமைப்புகளில் இசையமைக்க உதவும் லைம்மா, அபோட்டோம் என்ற இரண்டு இலவசக் கருவிகளை 2021-இல் வெளியிட்டார், உலாவியிலேயே ஓடும். 2024-இல் வந்த ஏபில்டன் லைவ் 12-இலும் பன்னிரண்டைத் தாண்டிய ஸ்வர அமைப்புகளுக்கு இடம் வந்திருக்கிறது. காலம் தாழ்ந்தாலும் வந்தது பெரிய சந்தோஷம்.

தொடங்குபவர் என்ன செய்யலாம்

பணம் ஒரு தடையே இல்லை. எல்.எம்.எம்.எஸ். என்ற டி.ஏ.டபிள்யூ. இலவசம். வைட்டல் என்ற சிந்தசைசரின் அடிப்படைப் பதிப்பும் இலவசம், சர்ஜ் எக்ஸ்டி முழுக்கவே இலவசம். ஒரு சிந்தசைசரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு ப்ரீசெட். ஃபில்ட்டர் குமிழைப் பாட்டு ஓடும்போதே திருப்பிப் பதிவு செய்யுங்கள். ஃபியூச்சர் செய்தது இதைத்தான். அந்த ஒலி எதற்காக என்று பெயரில் எழுதியிருக்கிறதோ அதற்கு மட்டும் பயன்படுத்தாதீர்கள். மணி என்றால் பாஸாக இறக்குங்கள், பாஸ் என்றால் மேலே ஏற்றுங்கள். கேட்கவும் நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அவர்கள் எழுந்து போனாலும் மறுவாரம் மறுபடி போட்டுக் காட்டுங்கள்.

அப்புறம் டிரம் ஒலி. ஆயிரம் சாம்பிள் தேடும் நேரத்தில் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போகலாம். விசைத்தறி ஓடும் தெருவில் இருப்பவர் என்றால் அதிர்ஷ்டசாலி. தறியின் சத்தத்தில் ஒரே ஒரு அடியை மட்டும் வெட்டி இரண்டு ஸ்தாயி கீழே இறக்குங்கள், நல்ல கனமான கிக் டிரம் ஆகிவிடும். வெட்டும்போது பின்னால் யாரோ பேசும் குரல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதைத் துடைக்காமல் அப்படியே விட்டு, பன்னிரண்டு கட்டத்தில் முதல் கட்டத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள்.